வெள்ளிக்கிழமை ஊற்றிய நல்ல தண்ணீர்

1

துரு ஆராய்ச்சிக்காக எனக்கு விருது என்று கடிதம் வந்த அதே வாரத்தில், என் கார் துருவினால் தோற்றுப்போனது. இங்கே நார்வேயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காரைக் கட்டாயப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். மெக்கானிக் காரை மேலே தூக்கி நிறுத்தி, அடித்தகட்டில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்து குத்தினார். அப்பளத்தில் குத்தியதுபோல அது உள்ளே போயிற்று. "பனிக்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுகிறார்கள் இல்லையா, அதனால் வருகிறது இது" என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னார். முப்பது வருடமாக நான் இதைத்தான் படிக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "அப்படியா" என்று கேட்டுக்கொண்டேன். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். என் அப்பா தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்தில் வாத்தியார்தான்.

வீட்டுக்கு வந்து கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். அரிமான ஆய்வாளர்களின் ஐரோப்பியக் கழகம் ஒன்று, துறையில் நீண்ட நாள் உழைத்த ஒருவருக்குப் பதக்கம் கொடுக்கிறது. கடலோர உப்புக்காற்றில் பெயிண்ட் இல்லாமலே தாங்கக்கூடிய ஓர் எஃகுக் கலவையைத் தூத்துக்குடியில் எட்டு வருடம் சோதித்து நிரூபித்தேன் என்பதற்காக எனக்கு. கடிதத்தில் 'தூத்துக்குடி' என்ற பெயரைத் தப்பாகத்தான் அடித்திருந்தார்கள். இருந்தாலும் அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. இந்த ஊரில் என் பெயரையே இன்றுவரை ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. என் ஊரின் பெயரை மேடையில் சொல்லப்போகிறார்கள் என்றால் சும்மாவா?

நான் இருக்கும் பெர்கன் நகரத்தில் அன்றும் மழை. இங்கே மழை பெய்வதை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை. நின்றால்தான் சொல்வார்கள்.

2

அந்தத் தூத்துக்குடிச் சோதனையின் எஃகுத் தகடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே கம்பிவேலி போட்ட ஒரு திடல். ஓர் ஆய்வகத்துக்குச் சொந்தமானது. அதற்குள் சாய்வாக நிறுத்திய இரும்புச் சட்டங்கள். சட்டங்களில் நோட்டுப்புத்தக அளவில் தகடுகளை வரிசையாக மாட்டி, முகத்தைக் கடலைப் பார்க்க வைத்துவிடுவோம். மாட்டும் முன்பு ஒவ்வொன்றையும் எடை போடுவோம். ஒரு வருடம், இரண்டு, நான்கு, எட்டு என்று தவணை வைத்துக் கழற்றி, துருவை அமிலத்தில் கரைத்துவிட்டு மறுபடி எடை போடுவோம். எவ்வளவு எடை குறைந்ததோ அவ்வளவும் காற்று தின்றது. ஆடி மாதம் அந்தத் திடலில் நின்றால் உதட்டை நக்கினாலே உப்புக் கரிக்கும். சட்டையில் குத்திய ஊக்கு ஒரு வாரத்தில் பழுத்துவிடும். எஃகைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஒரு சட்டம் முழுக்க என்னுடைய புதுக்கலவைத் தகடுகள். பக்கத்துச் சட்டத்தில் ஆய்வகத்தின் சாதாரண எஃகுத் தகடுகள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சோதனை. நான் திங்கள்கிழமைதோறும் டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவேன். மற்ற நாட்களில் திடலில் ஒரே ஓர் ஆள்தான். காவலாளி சுடலைமுத்து அண்ணாச்சி. சாத்தான்குளம் பக்கம் பனங்காட்டு ஊர் ஒன்றிலிருந்து வந்து, திடலுக்கு அரை மணி சைக்கிள் தூரத்தில் குடியிருந்தார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். திங்கள்கிழமை மத்தியானம் இருவரும் சாப்பாட்டுத் தூக்குகளைத் திறந்து மாற்றி மாற்றிச் சாப்பிடுவோம். என் தூக்கில் மீன் இருந்தால் அவர் முகம் மலரும்.

மூன்று வருடம் கழித்து எனக்கு நார்வேயில் வேலை கிடைத்தது. தகடுகள் அங்கேயே இருந்தன. வருடம் ஒருமுறை லீவில் போய்ப் பார்த்தேன். எட்டாம் வருடக் கடைசியில் சாதாரணத் தகடுகள் ஏடு ஏடாக உரிந்து கையோடு வந்தன. என் தகடுகள்மேல் மட்டும் காப்பித்தூள் நிறத்தில் மெல்லிய, இறுகிய ஒரு படலம். அதற்குக் கீழே எஃகு அப்படியே இருந்தது. அன்றைக்குத் திடலில் நின்று நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். அதை வைத்துத்தான் கட்டுரை எழுதினேன், பேராசிரியர் ஆனேன், வீடு வாங்கினேன். என் கட்டுரையை நம்பி எந்தெந்த நாட்டிலோ கடலோர நடைபாலங்களையும் விளக்குக் கம்பங்களையும் அந்த எஃகில் பெயிண்ட் அடிக்காமல் நிறுத்தினார்கள்.

3

விருது விழாவுக்கு இரண்டு விருந்தினரை அழைக்கலாம் என்றார்கள். ஒன்று என் மகள் ரேச்சல். அவள் அம்மா போய் நாலு வருடம் ஆகிறது. அதனால் இன்னொரு இடம் காலி. சுடலைமுத்து அண்ணாச்சியை வரவழைத்தால் என்ன என்று தோன்றியது. தோன்றியதும் மனசு துள்ளியது.

விசா அழைப்புப் படிவத்தைத் திறந்தேன். அழைக்கப்படுபவர் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கேள்வி. பெற்றோர், உடன்பிறந்தவர், வாழ்க்கைத்துணை, வணிகத் தொடர்பு, நண்பர். அண்ணாச்சி என்ற உறவுக்குக் கட்டம் இல்லை. நண்பர் என்று போட்டேன். உடனே அடுத்த பக்கம் விரிந்தது. நட்பை நிரூபிக்க ஆதாரம் இணைக்கவும், எடுத்துக்காட்டாகப் புகைப்படங்கள்.

பழைய பெட்டிகளையெல்லாம் இறக்கித் தேடினேன். தூத்துக்குடித் திடலில் எடுத்த படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. தகட்டின் முன்பக்கம், பின்பக்கம், ஓரம், கிட்டத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று. அண்ணாச்சி இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. அப்போதே எனக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். 'நேரில் போகும்போது ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்' என்று நினைத்துக்கொண்டு, முதலில் அவரிடம் சம்மதம் கேட்போம் என்று போனை எடுத்தேன்.

4

நம்பரை ஆய்வகத்தின் பழைய குமாஸ்தா ஒருவர் தேடிக் கொடுத்தார். எனக்குப் பகல் சாப்பாட்டு நேரம். அண்ணாச்சிக்குச் சாயங்காலம் ஆகியிருக்கும். அவர் குரல் தளர்ந்திருந்தது, ஆனால் என்னைக் கண்டுபிடிக்க அவருக்குப் பாதி வார்த்தை போதுமாக இருந்தது.

"யாரு, நம்ம நாசரேத்து தம்பியா? நல்லாருக்கியளா? ஏளா, இங்கன வா, தம்பி வெளிநாட்டுலருந்து பேசுதாரு!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

விருதைச் சொன்னேன். நம்முடைய அந்தத் தகடுகளுக்காகத்தான் அண்ணாச்சி என்றேன். அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அப்பமே நெனச்சேன் தம்பி, வீண் போவாதுன்னு. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம ரெண்டு கொடம் நல்ல தண்ணிய சைக்கிள்ல கட்டிக் கொண்டுட்டு வந்துல்லா கழுவுனேன்."

"என்னத்தக் கழுவுனீய அண்ணாச்சி?"

"உங்க தகடத்தான்."

எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று நினைக்க ஆசைப்பட்டேன். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

"கடை கண்ணி, லாரி, லேத்துப் பட்டற, எல்லாத்தையும் வெள்ளிக்கிழம கழுவிப் பொட்டு வைக்கோம்லா. தம்பியோட பொழப்பு மட்டும் உப்புக் காத்துல கெடக்கணுமா? தொடச்சா கீறல் விழுந்துரும்னு தொடைக்க மாட்டேன், பைய ஊத்தி மட்டும் விடுவேன். தகட்டுல பொட்டு வைக்கல. ஸ்டாண்டு காலுலதான் சந்தனம் வச்சு, ஒரு சூடம் பொருத்திருவேன்."

"பக்கத்துச் சட்டத்துல இருந்த தகடுகள?"

"அதுக்கு ஊத்தத் தண்ணி காணாதே. எங்க தெருவுல நல்ல தண்ணி வாரதே வாரத்துல ரெண்டு நாளு. உங்களுதுக்கு மட்டுந்தான். என் மவ நர்ஸ் படிக்க ஃபாரம் நெரப்பிக் குடுத்து, கையெழுத்துக்கு அலைஞ்சது நீங்கல்லா."

"நான் லீவுல வந்தப்பக்கூட ஒரு வார்த்த சொல்லலியே அண்ணாச்சி."

"நீங்க சர்ச்சுக்குப் போவுத வேதக்காரங்க. சாமிக்குச் செய்யுததச் சொன்னா சங்கடப்படுவியளோன்னுதான் சொல்லல. பத்திரமாப் பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டுப் போனீய. எட்டு வருசமும் பாத்துக்கிட்டேன். மழை பெய்யுத வாரம் மட்டும் ஊத்த மாட்டேன். அதுதான் வானமே கழுவிருதே."

விழாவுக்கு வருவீர்களா என்று நான் கேட்கவே இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். தட்டில் இருந்த ரொட்டியை அதற்குமேல் தொட முடியவில்லை.

5

உப்புப் படிந்து படிந்து சேர்வதுதான் கடலோர இரும்புக்கு எமன். வாராவாரம் நல்ல தண்ணீர் ஊற்றினால் சேர்ந்த உப்பு போய்விடும். எஃகு நனையும், காயும். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து அழகான படலம் கட்டும். அப்படிக் கவனித்தால் பழைய கலவைகளே கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நான் எட்டு வருடம் அளந்தது என் கலவையின் வலிமையையா, இரண்டு குடம் தண்ணீரின் வலிமையையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

பழைய களக்குறிப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு திங்கள்கிழமைக் குறிப்பில் என் கையெழுத்தில் இருந்தது: 'சட்டத்தின் காலில் மஞ்சள் கறை, பறவை எச்சம்.' இன்னும் சில வாரங்கள் தள்ளி மறுபடியும் அதே கறை, அதே பறவை எச்சம். தூத்துக்குடிப் பறவை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில், அதுவும் வட்டமாக எச்சம் போடும் என்று நம்பியிருக்கிறேன். நாசரேத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சந்தனம் தெரியாதா? பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு தின்றவரிடம் "இது என்ன அண்ணாச்சி" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலே கட்டுரையில் எழுதினேன்: 'மாதிரிகள் சோதனைக்காலம் முழுவதும் மனிதத் தலையீடு ஏதுமின்றி வைக்கப்பட்டிருந்தன.'

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. சில வருடங்களுக்கு முன் தென் அமெரிக்கக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண் பொறியாளர் எனக்கு எழுதியிருந்தார். உங்கள் எஃகில் கட்டிய நடைபாலம் எங்கள் ஊரில் எதிர்பார்த்ததைவிட வேகமாக அரிக்கிறது, உங்கள் முடிவு எங்களுக்கு ஒத்துவரவில்லை என்று. உங்கள் அளவீட்டு முறையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதினேன். பேராசிரியர் தோரணையோடு, மூன்றே வரியில்.

அந்தச் சனி ஞாயிறு ரேச்சல் ஓஸ்லோவிலிருந்து வந்திருந்தாள். சட்டம் படிக்கிறாள். நான் தமிழில் பேசுவேன், அவள் நார்வேஜியனில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் இருபது வருடமாக நடக்கும் ஒப்பந்தம் அது. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"கழுவினால் தாங்குகிறது என்று மாற்றி எழுதிவிடுங்களேன் அப்பா. அதுவும் ஒரு கண்டுபிடிப்புத்தானே?" என்றாள்.

எனக்கும் அந்த யோசனை வந்திருந்தது. ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் எந்த வாரம் ஊற்றினார், எந்த வாரம் மழை, எவ்வளவு தண்ணீர், ஒன்றுக்கும் கணக்கு இல்லை. அதை அறிவியல் என்று சொன்னால் இரண்டாவது பொய்.

"அப்படியென்றால் இன்றைக்கே எழுதுங்கள். இந்த நேரத்தில் அந்தப் பாலத்தில் யாராவது நடந்துகொண்டிருப்பார்கள்" என்றாள்.

"எழுதினால் ஒருநாள் பத்திரிகையில் வரும். ஊருக்கும் போகும். தான் செய்ததால்தான் எல்லாம் கெட்டது என்று அண்ணாச்சிக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார்."

"அவர் தப்பு ஒன்றும் செய்யவில்லையே. பிறகு ஏன் வருத்தப்பட வேண்டும்?"

இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்கு அது எளிதான கேள்வி. வாரத்தில் இரண்டு நாள் வரும் தண்ணீரில் இரண்டு குடத்தை எடுத்து எவனோ ஒருவனின் இரும்புக்கு ஊற்றுவது என்றால் என்ன என்று அவளுக்கு நான் எப்படிப் புரியவைப்பேன்? குழாயைத் திறந்தால் ஆற்று நீர் கொட்டும் வீட்டில் வளர்ந்தவள். அவள் அதோடு விடவில்லை.

"இவரைப் பற்றி நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லையே அப்பா. மக்ரூன் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள், பரோட்டா பற்றி, உப்பளம் பற்றி, அந்தத் தகடுகளைப் பற்றி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறீர்கள். அங்கே ஒரு மனிதர் இருந்தார் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்."

கோபம் வந்தது. அவள்மேல் வந்ததாகத்தான் முதலில் நினைத்தேன்.

6

மூன்று கடிதங்கள் எழுதினேன். முதலாவது அந்தப் பொறியாளருக்கு. உங்கள் அளவீடு சரி, என்னுடையதுதான் தவறு, பாலத்தை உடனே சோதியுங்கள், அன்றைக்கு அப்படிப் பதில் எழுதியதற்கு மன்னியுங்கள் என்று. மறுநாளே பதில் வந்தது. 'பாலத்தை மூடிவிட்டோம். எழுதியதற்கு நன்றி.' அவ்வளவுதான். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டாவது கட்டுரை வெளிவந்த இதழுக்கு. நடந்ததைச் சொல்லிக் கட்டுரையைத் திரும்பப்பெறுவதாக எழுதினேன். அதில் அண்ணாச்சியின் பெயரை எழுதவில்லை. 'மாதிரிகள் வாரந்தோறும் நன்னீரால் கழுவப்பட்டிருப்பது இப்போது தெரியவந்துள்ளது. அதை உறுதிசெய்யத் தவறியது என் பிழை' என்று மட்டும் எழுதினேன். இந்த இரண்டு வரிக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று.

மூன்றாவது விருதுக் குழுவுக்கு. ஏற்றுக்கொண்ட விருதை வேண்டாம் என்று சொல்ல அவர்களிடம் வழிமுறை இல்லை போலும். செயலாளர் அம்மையார் மிகுந்த மரியாதையோடு ஒரு படிவம் அனுப்பினார். விழாவுக்கு வர இயலாமைக்கான காரணம்: உடல்நலம், குடும்பம், பயணச் சிக்கல், பிற. 'பிற' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். விளக்கம் எழுத ஒரே ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.

கூட வேலை பார்ப்பவர்களில் இரண்டு பேர் வந்து கை குலுக்கினார்கள். மற்றவர்கள் காப்பி மெஷின் பக்கம் என்னைக் கண்டால் வானிலை பேசினார்கள். இந்த ஊரில் வானிலை பேசுகிறார்கள் என்றால் வேறொன்றைப் பேசாமல் இருக்கிறார்கள் என்று பொருள். முன்பெல்லாம் அது எனக்குப் புரிந்ததில்லை.

7

இதழில் வருவதற்கு முன் அண்ணாச்சிக்கு நானே சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். பெயர் இல்லாவிட்டாலும், எட்டு வருடம் அங்கே காவலுக்கு இருந்தது யார் என்று ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரோ டீக்கடையில் வைத்துச் சொல்லி அவர் கேட்கக்கூடாது. நேரில் போய்ச் சொல்வதுதான் முறை. டிக்கெட் எடுக்கும் நாள்வரை பொறுத்தால் தைரியம் போய்விடும் என்று பயந்து போனிலேயே கூப்பிட்டேன்.

"சொல்லுங்க தம்பி. மெடல வாங்கியாச்சா?"

"வேண்டாம்னு எழுதிட்டேன் அண்ணாச்சி."

"ஏன் தம்பி?"

எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் பத்து விதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. நேராகவே சொன்னேன்.

"அந்தத் தகடுகளக் கழுவாம வச்சிருக்கணும் அண்ணாச்சி. உப்புக் காத்து அத எவ்வளவு அரிக்குன்னு பாக்கத்தான் அங்கன மாட்டுனது. தண்ணி ஊத்துனதால கணக்கு தப்பாப் போச்சு. தப்பு உங்களுது இல்ல. நாந்தான் கேட்டிருக்கணும்."

அவர் தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போன பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்பம், துருப்பிடிக்கட்டும்னுதான் அத அங்கன வச்சிருந்தியளா?"

"ஆமா அண்ணாச்சி."

"எட்டு வருசம் காவலுக்கு இருந்தேன் தம்பி. எதுக்குக் காவலு இருக்கேன்னு யாரும் எங்கிட்ட சொல்லலியே."

கோபமாகச் சொல்லவில்லை. அந்தச் சோதனையை நான் எத்தனையோ நாட்டில் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட. திங்கள்கிழமைதோறும் என்னோடு ஒரே நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்குச் சொல்லத் தோன்றியதே இல்லை. காவலாளிக்கு அது எதற்கு என்று நினைத்திருக்கிறேன். அப்படி நினைத்தேன் என்பதுகூட அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. நான் அழுதேன். மனைவி இறந்த பிறகு நான் அப்படி அழுததே இல்லை.

"அழாதிய தம்பி" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"இப்பம் சொல்லுங்க. மொதல்லருந்து சொல்லுங்க, கேக்கேன்."